போலோன்யாவின் பழைய வெபரா, ஸ்பெயினின் புதிய வெபரா?

1960களின் பிரிட்டிஷ் விளையாட்டுக் காரான லோட்டஸ் எலான் ஒன்றைப் பந்தயத்திற்கென மீட்டெடுப்பவர்கள், இயந்திரமும் சட்டகமும் முடிந்த பிறகு நீண்ட நேரம் தயங்கி நிற்பது எரிபொருள் அமைப்பின் முன்னால்தான். அந்த 1558 சிசி இரட்டை கேம் இயந்திரத்திற்கு காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும், வெபர் நிறுவனத்தின் 40 டிசிஓஇ வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு வேண்டும். இத்தாலியின் போலோன்யாவில் தயாரான, எலானுக்கே உரிய 18ஆம் எண் மாதிரியின் இணையைப் பழையதாகத் தேடி வாங்கிப் புதுப்பிக்கலாம். ஸ்பெயினில் தயாராகும் 151ஆம் எண்ணைப் புதிதாக வாங்கலாம். தோற்றத்தில் வெபரைப் போலவே இருக்கும் மலிவான நகலையும் வாங்கலாம். நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவன். இன்றும் அதன் பக்கமே நிற்பவன் என்பதை வாசிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

நகலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் பிரித்துப் பார்த்தது ஓர் இணையை மட்டுமே என்பதால் எல்லா நகல்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்; ஆனால் அந்த இணையில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகுகளான அசல் வெபர் ஜெட்டுகள் சரியாக அமரவில்லை என்பதே அதை ஒதுக்கப் போதுமான காரணமாயிற்று.

ஸ்பெயின் 151 அப்படிப்பட்டதன்று. அது உண்மையான வெபர். தண்டு தேயாதது, மரை கெடாதது, பெட்டியிலிருந்து எடுத்ததும் பொருத்தக்கூடியது. காற்று செல்லும் ஒவ்வொரு குழலுக்கும் தனியாகக் காற்றைச் சரிசெய்யும் திருகு அதில் இருப்பதால், இரண்டு கார்புரேட்டர்களையும் சமன்படுத்துவது பழையதைவிட எளிது. சிங்கப்பூரின் பழம்பெரும் கார்களுக்கான திட்டத்தில் பதிவு செய்து, ஆண்டுக்கு 45 நாள் மட்டும் சாலையில் ஓட்டும் ஒருவர் கேட்டால், யோசிக்காமல் 151ஐ வாங்கச் சொல்வேன்.

பந்தயக் காருக்கு மட்டும் என் கணக்கு மாறுகிறது. அதற்குக் காரணம் பழமையின் மீதான பற்று அன்று. நாம் வாழும் இடம். சிங்கப்பூரில் நிரந்தரமான பந்தயத் தடம் கிடையாது. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த காலம் போய்விட்டது. சாங்கியில் வரவிருந்த தடம் கைவிடப்பட்டது. மரீனா பேயில் 2008 முதல் நடப்பதோ ஃபார்முலா ஒன் பந்தயத்திற்காகச் சில நாள் மூடப்படும் நகரச் சாலைகளில். பதிவில்லாத காரைப் பொதுச் சாலையில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. ஆகவே ஒரு ஜெட்டை மாற்றி அதன் விளைவைத் தடத்தில் அறிய வேண்டுமானால், காரை டிரெய்லரில் ஏற்றி, சுங்க ஆவணங்களைத் தயார் செய்து, துவாஸ் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் மலேசியாவிலுள்ள சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். பணம், உதிரிபாகம், மெக்கானிக் ஆகிய எதையும்விட நமக்கு அரிதாகக் கிடைப்பது அங்கே காரை ஓட்டும் நேரம்தான்.

அந்த நேரத்தை மிச்சப்படுத்துவது 18ஆம் எண். கார்புரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு சற்றே திறக்கும்போது, குழல் சுவரிலுள்ள சிறு துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு, மிதியை அழுத்தாமல் இயந்திரம் ஓடும் ஐடிலுக்கும் வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இயந்திரத்திற்குப் பெட்ரோல் தருகின்றன. இத்துளைகளின் அமைப்பு 18இலும் 151இலும் ஒன்றாக இல்லை. எலானின் பட்டறைக் கையேடு தரும் ஐடில் ஜெட், பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் எஃப்11 எமல்ஷன் குழாய் ஆகியவையும், அறுபது ஆண்டுகளாகப் பந்தயக்காரர்கள் கண்டடைந்து கைமாற்றிவரும் அளவுகளில் பெரும்பகுதியும் பழைய உடலின் துளைகளை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை அப்படியே 151இல் போட்டால் இயந்திரம் ஓடும். முழு த்ராட்டிலில் குறையும் தெரியாது. ஆனால் சிப்பாங்கின் கடைசிக் கொண்டையூசி வளைவிலிருந்து வெளியேறும்போது, மிதியை மெல்ல அழுத்தும் அந்த ஒரு கணத்தில் இயந்திரம் திணறும். கலவைத் திருகின் மரைகூட 151இல் நுண்மையானது என்பதால், “இத்தனை சுற்றுத் திறந்துவை” என்ற பழைய குறிப்பும் பொருந்தாது. இவற்றையெல்லாம் சரிசெய்துகொள்ள முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கிலாந்தில் தடத்திற்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. நமக்கோ ஒவ்வொரு திருத்தமும் ஓர் எல்லை கடந்த பயணம். அறியப்பட்ட அளவிலிருந்து தொடங்குபவருக்கு எஞ்சுவது நம் வெப்பக் காற்றின் குறைந்த அடர்த்திக்கேற்ற சிறு திருத்தம் மட்டுமே. அதுவும் கலவை கொஞ்சம் செறிவாக, அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, இருக்கும் பாதுகாப்பான பக்கத்திலிருந்தே தொடங்கும்.

பழையதை வாங்குவதில் பொறுமை வேண்டும். எண் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் 18தானா என்று படத்தில் பார்த்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும். த்ராட்டில் தண்டு வளைந்திருக்கிறதா, அதன் பேரிங்குகள் கரகரக்கின்றனவா, போல்ட் காதுகளில் விரிசல் உண்டா, பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் அடியில் வெண்பொடியாக அரிப்புத் தெரிகிறதா என்பவை அடுத்த கேள்விகள். பேரிங், கேஸ்கட், ஊசி வால்வு, ஜெட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைப்பதால் அவற்றின் தேய்மானம் எனக்குக் கவலை தருவதில்லை. அரித்துப்போன உடலைத்தான் தொட மாட்டேன். விற்பவரிடம் பெட்ரோலை முழுவதும் வடித்து, கழுவிக் காயவைத்து அனுப்பச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்ரோல் வாடை அடிக்கும் பொட்டலத்தை விமானத் தபால் திருப்பி அனுப்பக்கூடும். 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்தால், நல்ல நிலையிலுள்ள பழைய இணையும் அதைப் புதுப்பிக்கும் செலவும் புதிய 151 இணையைவிட மலிவாக அமையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எரிபொருள் அமைப்பின் மற்றப் பாகங்களில் நான் இவ்வளவு பிடிவாதக்காரன் அல்லன். ரப்பர் குழாய் அக்காலத்துத் தோற்றத்தில் இருக்கட்டும், ஆனால் புதிதாகச் செய்ததாகவும் இன்றைய பெட்ரோலைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும்; இதில் பழைய சரக்கு வாங்குவது தீயோடு விளையாடுவது. பெட்ரோலை ரப்பர் பைக்குள் வைக்கும், பந்தயத்திற்கான பைத் தொட்டிக்கும் காலாவதி உண்டு. எஃப்டி3 என்ற பாதுகாப்புத் தரத்தில் ஐந்து ஆண்டு என்பது பொதுவான கணக்கு. பம்ப்பைப் பொறுத்தவரை, எலானின் இயந்திரத்தால் இயங்கும் ஏசி பம்ப்பைப் புதிய டயஃப்ரம் போட்டு வைத்துக்கொள்ளலாம். மின்சார பம்ப் போடுபவர்கள் சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டு அளவிலேயே அழுத்தத்தை நிறுத்த வேண்டும், இல்லையெனில் ஊசி வால்வு தாங்காமல் மிதவை அறை வழிந்துவிடும். எந்த வெபரானாலும், அதைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் சுருள் வாஷர்களையும் முழுவதும் நசுங்கும்படி இறுக்கக் கூடாது. அந்தச் சிறு அசைவு இல்லாவிட்டால் அதிர்வில் பெட்ரோல் நுரைத்துக் கலவை மெலியும்.

மறுவிற்பனையில் 18க்கு மேலும் ஒரு சாதகம் உண்டு. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் வரலாற்றுத் தொழில்நுட்பச் சான்றுக்கு விண்ணப்பிக்க விரும்பும் வெளிநாட்டு வாங்குநர், அக்காலத்து வகையே காரில் இருக்கிறதா என்று பார்ப்பார். நான் அப்படிக் காரை விற்றதில்லை. அதனால் இது விலையை எவ்வளவு உயர்த்தும் என்று கணக்குச் சொல்ல மாட்டேன். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் லூக்கஸ் இன்ஜெக்‌ஷன் கொண்ட கார்களுக்கும் இந்த வாதத்தை நீட்ட மாட்டேன். அங்கே அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அளவில் இருப்பதாலும், பெட்ரோலை அளந்து தரும் மீட்டரிங் அலகின் உள்ளளவுகள் மிக நுண்மையானவை என்பதாலும், பழைய பாகத்தை வாங்கும் முன்பே அதைச் சோதித்துப் பார்க்கும் மேடை வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது.