பாஸ்டன் விடுதலைப் பாதை: வழிகாட்டியுடனா, தனியாகவா?

விடுதலைப் பாதை என்பது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், அந்நாட்டின் விடுதலைப் போராட்ட வரலாறு சொல்லும் இடங்களை இணைக்கும் நடைபாதை. பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து பங்கர் ஹில் நினைவுத்தூண் வரை சுமார் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். தரையில் ஓடும் சிவப்புக் கோடே வழி சொல்லும்போது வழிகாட்டி எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

செலவு: தனியாக நடக்கக் கட்டணமில்லை, பால் ரிவியர் வீடு போன்ற சில இடங்களுக்கு மட்டும் டிக்கெட். வழிகாட்டி என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும்.

நேரம்: குழு நடை பெரும்பாலும் பாதையின் ஒரு பகுதியோடு முடிந்துவிடும். தனியாகப் போனால் பங்கர் ஹில்லின் 294 படிகளையும் ஏறலாம்.

புரிதல்: இங்கே வழிகாட்டிதான் முந்துகிறார். பாதையிலுள்ள கிரானரி கல்லறைத் தோட்டத்தில், விடுதலைப் போராட்டத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸின் கல்லறைக்கு அருகே ஒரு கல் நிற்கிறது. 1770 மார்ச்சில் பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தின் மீது சுட்ட பாஸ்டன் படுகொலையில் இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உள்ளிட்ட ஐவரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுக்குக் கீழே இன்னொரு பெயர்: சில நாள் முன்பே சுட்டுக் கொல்லப்பட்ட சிறுவன் கிறிஸ்டோபர் ஸ்னைடர். எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால், அவன் வயதையொத்த மாணவர்கள் அந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

பள்ளிக் குழுவுக்கும் முதல்முறை வருபவர்களுக்கும் வழிகாட்டி அவசியம். வரலாற்றை முன்பே படித்தவர்கள், கைக்குழந்தையோடு நின்று நின்று நடப்பவர்கள் சிவப்புக் கோட்டை நம்பிப் போகலாம்.