கோடோ சமூகத்தில் உங்கள் நேரம் யாருக்கு: புதியவர்களுக்கா, டீம்களுக்கா?

கேம் உருவாக்குகிறவர்களுக்கு உதவலாம் என்று முன்வந்தால் இரண்டு வேலைகள் காத்திருக்கும். நேற்றுதான் எஞ்சினை, அதாவது கேம் செய்யும் மென்பொருளை, டவுன்லோடு செய்தவருக்கு அடிப்படை சொல்லித்தருவது ஒன்று. பாதி கேமை முடித்துவிட்டுத் திணறும் நாலு பேர் டீமோடு கூட நிற்பது இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். வேலைக்குப் போய்வந்த பிறகு வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான் மிஞ்சுகிறது என்றால், இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். எனக்குப் பழக்கம் கோடோ (Godot) என்ற எஞ்சின் என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே.

புதியவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் கோடோ 4.0 வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கேம் இன்ஸ்டால் ஆகும் கணக்கை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக இன்னொரு எஞ்சினான யூனிட்டியின் நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஏராளமானோர் கோடோ பக்கம் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கையில் கிடைத்த டுடோரியல்களில் பாதி பழைய 3-ஆம் பதிப்புக்கு எழுதியவை. கேமில் நகரும் ஆளுக்கான பகுதி அதில் கைனமாட்டிக்பாடி2டி, 4-இல் கேரக்டர்பாடி2டி. காத்திருக்கச் சொல்லும் யீல்ட் என்பது அவெய்ட் ஆகிவிட்டது. ஆளை நகர்த்தும் கட்டளையான மூவ்-அண்ட்-ஸ்லைடுக்கு இப்போது அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்கக் கூடாது. பழகியவருக்கு இவை ஐந்து நிமிட வேலை. புதியவரோ தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஒரு கல்லூரி மாணவி, "அக்கா, மூணு நாளா பாக்குறேன், ஆள் நகரவே மாட்டேங்குது" என்று வந்தாள். கோடில் (code) எரர் எதுவும் இல்லை. வேகம் 300 என்று வைத்து, அதை டெல்டாவால், அதாவது ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையிலான நேரத்தால், பெருக்கியிருந்தாள். மூவ்-அண்ட்-ஸ்லைடு அந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். நொடிக்கு 60 முறை ஓடும் இடத்தில் டெல்டா ஏறக்குறைய 0.0167. ஆக 300 பிக்சல் போக வேண்டிய ஆள் நொடிக்கு 5 பிக்சல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லை அழித்ததும் சரியாகிவிட்டது. அவளுக்குப் பாடம் குறைவாக இருக்கவில்லை. தன் திரையைப் பார்க்க ஓர் ஆள் இல்லாததுதான் குறை. சொல்லித்தருவது என்றதும் வகுப்பு எடுப்பதை நினைக்கிறோம், உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான்.

டீம்களின் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கோடு தெரியாமல் யாரும் நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரே சீன் ஃபைலை (கேமின் ஒரு பகுதியை வைத்திருக்கும் ஃபைல்) திறந்து மாற்றுவார்கள், எல்லோருடைய மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் மெர்ஜ் செய்யும்போது ஒன்றோடொன்று மோதி கான்ஃப்ளிக்ட் வரும், ஒருவருடைய இரண்டு நாள் உழைப்பு போய்விடும். அப்புறம் பேச்சுவார்த்தையும் நின்றுவிடும். பெரிய சீனைச் சின்னச் சின்ன சீன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வைத்தால் இதில் பெரும்பகுதி தீரும். இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

விண்டோஸில் எழுதி, எடிட்டரில் நன்றாக ஓடிய கேம், தனியாக ஓடும்படி எக்ஸ்போர்ட் செய்ததும் படத்தைக் காணோம் என்று நின்றுவிடுவதும் உண்டு. ஃபைல் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து பெரியதாக (A) இருக்கும், கோடில் சின்னதாக (a) இருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, எக்ஸ்போர்ட் ஆன கேம் கண்டுகொள்ளும். கேம் செய்யும் போட்டி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது இதைத் தேடுகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

லூடம் டேர் என்ற கேம் செய்யும் போட்டியில் தனியாகச் செய்கிறவருக்கு 48 மணி நேரம், டீமாக வருகிறவர்களுக்கு 72. கை கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்போம். ஆனால் பேசி ஒத்துப்போகவும் ஒட்டவைக்கவும் எவ்வளவு நேரம் போகும் என்பது டீமில் இருந்தவருக்குத் தெரியும். டீமுக்கு உதவுகிறவரின் வேலை நடப்பதும் அந்த நேரத்தில்தான். எந்த லெவலைக் கைவிடுவது, வரைந்த படம் கேமில் வராத ஓவியரிடம் யார் பேசுவது, கடைசி முடிவு யாருடையது. அவர்களுக்காக நாமே கோடு எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. உட்கார்ந்தால் ஐந்தாவது உறுப்பினர் ஆகிவிடுவோம், அப்புறம் வெளியே வர முடியாது.

செலவாகும் நேரமும் ஒன்றல்ல. புதியவருக்கு அரை மணி நேரம் போதும், அன்றைக்கே பலன் தெரியும். டீமோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும், கடைசியில் கேம் வராமலும் போகலாம். எனக்கு அப்படி இரண்டு போயிருக்கின்றன.

இருந்தும் நான் டீம்கள் பக்கமே சாய்கிறேன். புதியவருக்குப் பாடங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டலாம். ஐந்தாவது மாதத்தில் சண்டையோடு நிற்கும் டீமுக்கு டுடோரியல் எதுவும் கிடையாது. ஒரு கேமையாவது முழுதாக முடித்து வெளியிட்டவர் என்றால் உங்களையும் அங்கேதான் கூப்பிடுவேன். போன வருடம் கற்றுக்கொண்டவர் என்றால் சொல்லித்தரப் போங்கள். எங்கே குழம்பினோம் என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும், எனக்கு அது மறந்துகொண்டே வருகிறது.

தமிழில் கேட்டு வருகிறவர் விஷயத்தில் மட்டும் என் கணக்கு மாறிவிடும். பாடங்கள் நிறைய இருக்கின்றன என்று மேலே சொன்னதெல்லாம் ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான். கோடோ 3-இல் 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 4.0-இல் அது சரியானது, தமிழ் எழுத்துள்ள ஃபான்ட் ஒன்றைச் சேர்த்தால் தமிழிலேயே கேம் செய்யலாம். அதைச் செய்ய வருகிற பையனிடம் நோடு என்றால் என்ன, சிக்னல் என்றால் என்ன என்று தமிழில் பேச ஆட்கள் மிகக் குறைவு. டீம் மீட்டிங் இருந்தாலும் அவனுக்கு நேரம் ஒதுக்கிவிடுகிறேன்.