டப்பாவா, தானியமா? வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்குவோருக்கான நான்கு வழிகள்

ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமமும் வேண்டாம், வரியும் கட்ட வேண்டாம். அதை விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கக் கூடாது. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம்; அங்கிருப்போர் இக்கட்டுரையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.) மெல்போர்னிலோ சிட்னியிலோ இதற்கான கடைக்குள் முதன்முறை நுழைபவர் முன் நான்கு வழிகள் வைக்கப்படும்: ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் சாறு டப்பா, புதிய வோர்ட் கேன், மால்ட் சாற்றுடன் அடுப்பில் ஹாப்ஸ் கொதிக்கவிடுவது, முழுத் தானியத்திலிருந்து தொடங்குவது.

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட்; அதிலிருந்து இறக்கப்படும் இனிப்பு நீரே வோர்ட். வோர்ட்டைப் பீராக்குவது ஈஸ்ட்தான். நான்கு வழிகளும் வேறுபடுவது வோர்ட்டில் எவ்வளவு பங்கைக் கடையில் வாங்குகிறோம், எவ்வளவு பங்கை நாமே செய்கிறோம் என்பதில் மட்டுமே. ஈஸ்ட் தூவிய பின் நடப்பவை எல்லாவற்றுக்கும் பொது. தொடங்குபவர்கள் இதைக் கவனிக்காமல், தங்கள் உழைப்பு முழுவதையும் முதல் பாதியிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

1862இல் அடிலெய்டில் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனத்தின் 1.7 கிலோ டப்பா அந்நாட்டில் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். உள்ளே வெல்லப்பாகு போன்ற கெட்டியான மால்ட் சாறு இருக்கும். கசப்புக்கான ஹாப்ஸ் அதில் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சாற்றை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவினால் அன்றைய வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மலிவும் எளிமையும் இதன் பலம். வெள்ளைச் சர்க்கரை இதன் பலவீனம்: ஈஸ்ட் அதை மிச்சமின்றித் தின்று ஆல்கஹாலாக்கிவிடுவதால், போதை கூடும், பீரின் உடல், அதாவது வாயில் உணரும் கனம், மெலிந்துபோகும். சர்க்கரைக்குப் பதிலாக அதே எடை உலர் மால்ட் சாற்றைச் சேர்த்தால் செலவு சற்று ஏறும். ஆனால் 'வீட்டு பீர்' என்று விருந்தினர்கள் முகம் சுளிக்கும் அந்த நீர்த்த சுவை பெரும்பாலும் போய்விடும். டப்பாவின் உற்பத்தித் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் திரவச் சாறு பழையதாக ஆக நிறமும் சுவையும் கருகத் தொடங்கும்.

வோர்ட் கேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுவாலையில் தானியத்திலிருந்தே தயாரித்த 15 லிட்டர் வோர்ட்டை வாங்கி, தண்ணீர் கலந்து 20 லிட்டராக்கினால் போதும். சுவையில் டப்பாவை எளிதாக வெல்லும், விலையில் தோற்கும்.

மூன்றாவது வழி நடுத்தரமானது. ஹாப்ஸ் சேர்க்காத மால்ட் சாற்றை வாங்கி, கிறிஸ்டல் மால்ட் போன்ற தானியத்தில் கால் கிலோவைச் சிறு துணிப்பையில் கட்டி 70 டிகிரிக்கு மிகாத நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாரத்தோடு சாற்றைக் கலந்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதியின் தொடக்கத்தில் இடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், அடுப்பை அணைக்கும் தறுவாயில் இடுவது மணத்தைத் தரும். இந்த ஒரு விதியைக் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

முழுத் தானிய வழியில் ஆஸ்திரேலியர்கள் பரப்பிய பை முறை இன்று பல நாடுகளிலும் வழக்கத்தில் உள்ளது. சுமார் 5 கிலோ உடைத்த மால்ட்டைப் பெரிய வலைப்பையில் இட்டு, 40 லிட்டர் கொள்ளும் மின் கொதிகலனில் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வெப்பம் 63ஐ ஒட்டி இருந்தால் பீர் வறண்டு முடியும். 69ஐத் தொட்டால் கனம் கூடும். பீரின் குணத்தை இப்படித் தொடக்கத்திலேயே தீர்மானிக்கும் வசதி டப்பாக்காரருக்குக் கிடையாது. ஆனால் நீர் குடித்த பை 10 கிலோவை நெருங்கும்; அதைத் தூக்கிப் பிடித்து வடியவிட இன்னொரு கையோ கப்பியோ தேவை. கொதி, ஆறவைத்தல், கழுவுதல் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு மணி நேரம் போகும். ஆறவைக்கும் சிக்கலுக்கு அந்நாட்டவர் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: சூடு தணியாத வோர்ட்டைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கி, கைப்பிடியின் உட்புறத்தையும் சூடான வோர்ட் தொட்டுக் கிருமி நீக்கும்படி பக்கவாட்டில் சாய்த்து வைத்து இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். குளிர்விக்கும் செப்புச்சுருளும் வேண்டாம், வீணாகும் தண்ணீரும் இல்லை. கொதிகலன் வாங்கத் தயங்குபவர் 2 கிலோ தானியத்தை வைத்துச் சமையலறை அடுப்பிலேயே 10 லிட்டர் இறக்கிப் பார்க்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு இறக்கிய வோர்ட்டை, கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் கராஜில் வைத்தால், ஏல் எனும் பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட் காரநெடியும் தேவையற்ற பழவாடையும் உண்டாக்கிக் கெடுத்துவிடும். அதே கோடையில் மலிவு டப்பாவை 18 முதல் 20 டிகிரிக்குள் நொதிக்கவிட்டவரின் பீரே நன்றாக இருக்கும். ஆகவே என் பரிந்துரை, முதல் முறை டப்பாவும் உலர் மால்ட் சாறும். மிச்சப்படும் பணத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும். அதற்கு இடமில்லாத வீட்டில், 35 டிகிரியிலும் தூய்மையாக நொதிக்கும் நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டான குவைக் கைகொடுக்கும்.

மெத்தனால் பற்றிய அச்சம் நம்மவர்களுக்கு இயல்பாகவே எழும். பீர் நொதிக்கும்போது அபாயகரமான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. எந்த வழியில் தயாரித்தாலும் உண்மையான ஆபத்து புட்டி வெடிப்பதுதான். நொதித்தல் முடியும் முன் அடைத்தால் புட்டிக்குள் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். ஆகவே ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைத் தண்ணீரின் 1.000உடன் ஒப்பிட்டுக் காட்டும் கருவி) இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டிய பிறகே புட்டியில் அடைக்க வேண்டும், 1.040இல் தொடங்கிய பீர் பெரும்பாலும் 1.010க்கு அருகில் வந்து நிற்கும். புட்டியில் நுரை உண்டாக 750 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை போதும். தொடக்கத்தில் கண்ணாடியை விட்டு, அழுத்தம் ஏறுவதை விரலால் அமுக்கியே அறியக்கூடிய பிளாஸ்டிக் புட்டிகளை வாங்குவது நல்லது. இரண்டு டப்பாக்கள் அடுத்தடுத்து ஒரே சுவையில் அமைந்துவிட்டால், வலைப்பை வாங்கும் நேரம் வந்துவிட்டது.