விற்றமின் ஈ-யா, செலேனியமா, தெலூரியமா?

மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர இரசாயன வகுப்பு. “சேர், ஒட்சியேற்றத்தைத் தடுக்கிறதில ஆர் கெட்டிக்காரன்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. பலகையில் மூவரை எழுதினேன்: விற்றமின் ஈ, செலேனியம் கொண்ட எப்செலன் என்ற சேர்வை, ஆய்வுகூடத்தில் தொகுக்கப்படும் சேதனத் தெலூரியச் சேர்வைகள்.

விற்றமின் ஈ-யின் வேலை நேரானது. கொழுப்பைச் சங்கிலியாகக் கெடுத்துப் போகும் பரவொட்சி மூலிகம் என்ற, சோடியில்லா இலத்திரன் கொண்ட துணிக்கைக்குத் தன் பீனோல் ஐதரசனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். ஒரு மூலக்கூறு இரண்டு மூலிகங்களை அடக்கும், அதோடு சரி. (உடலில் விற்றமின் சீ அதை மீட்டெடுக்கும் என்பது வேறு கதை.) ஏற்கெனவே உருவாகிவிட்ட பரவொட்சைட்டை, அதாவது இரண்டு ஒட்சிசன் அணுக்கள் கோத்த சேர்வையை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பரவொட்சைட்டை அடக்குவது செலேனியம். நம் உடலின் குளுற்றாதயோன் பெரொட்சிடேசு நொதியத்தில் செலேனியம் இருப்பது 1973இல் தெரியவந்தது. எப்செலன் அந்த நொதியம் போலவே நடந்துகொள்ளும் சின்ன மூலக்கூறு.

தெலூரியம் அதே கூட்டத்தில் செலேனியத்துக்கு ஒரு படி கீழே. அணு பெரிது; இலத்திரனை இலகுவில் விட்டுக்கொடுக்கும். அதனால் ஒரே அமைப்பில் செலேனியத்தை எடுத்துத் தெலூரியத்தை வைத்தால் வேகம் பெரும்பாலும் கூடுகிறது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே வாவியில் ஓடும் பாதையை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் படகை, நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தெலூரைட்டு என்ற தெலூரியச் சேர்வை பரவொட்சைட்டிடம் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு தெலூரொட்சைட்டாகும். தயோல் (கந்தக–ஐதரசன் கூட்டமுள்ள சேர்வை) அந்த ஒட்சிசனை இறக்கிவிட, தெலூரைட்டு வெறும் படகாகத் திரும்பும். சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் எங்மனின் குழு பீனோலையும் தெலூரியத்தையும் ஒரே மூலக்கூறில் பொருத்திப் பார்த்தது. அது மூலிகத்தையும் பிடிக்கும், தயோல் கிடைத்தால் மறுபடி எழும்பும். வேதியியலாகப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் எனக்குப் பிடித்த அழகு.

“அப்ப அதையே குளிசையாக்கிக் குடிக்கலாமே, சேர்?”

அங்கேதான் இடிக்கிறது. பாதைக்கு டீசல் வேண்டுமே! உடலுக்குள் அந்த டீசல், அதாவது தயோல், நம் சொந்தக் குளுற்றாதயோன்தான். படகு ஓட ஓட அது கரையும். செலேனியம் கொஞ்சமாவது உடலுக்குத் தேவை, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 மைக்ரோகிராம். தெலூரியத்துக்கு நம் உடலில் அறியப்பட்ட வேலை எதுவுமில்லை. எலிகளில் அது கொலஸ்திரோல் உற்பத்தியைத் தடுத்து நரம்பின் மயலின் உறையையே சிதைத்திருக்கிறது. காபன்–தெலூரியப் பிணைப்பும் பலவீனம், பல சேர்வைகள் வெளிச்சத்திலேயே கெட்டுப்போகும்.

ஆகவே சோதனைக் குழாய்க்குள் என் வாக்கு தெலூரியத்துக்கு, சாப்பாட்டுத் தட்டில் விற்றமின் ஈ-க்கு. தெலூரியம் உள்ளே போனவரின் மூச்சில் உள்ளி நாற்றம் அடிக்கும், இருமெதைல் தெலூரைட்டின் வேலை அது, என்றேன். குளிசை கேட்டவன் அதன் பிறகு வாய் திறக்கவில்லை.