எம்ஓ டிஸ்க்: வட்டு கெடவில்லை, டிரைவ்தான் படுத்துகிறது

ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் பழகியது எம்ஓ டிஸ்க், அதாவது லேசரும் காந்தமும் சேர்ந்து எழுதும் மேக்னட்டோ-ஆப்டிகல் வட்டு. மற்ற ஊர்களில் ஜிப் டிஸ்க் என்ற பெரிய கொள்ளளவு ஃபிளாப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கே அச்சகத்துக்கு ஃபைல் கொடுக்க, ஆபீஸ் வேலையைப் பத்திரப்படுத்த எல்லாவற்றுக்கும் எம்ஓதான். நானும் ஸ்கஸி (யுஎஸ்பிக்கு முந்தைய பழைய இணைப்பு முறை) வழியாக இணையும் 640 எம்பி டிரைவ் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, அப்புறம் பல வருடம் அதிலேயே பேக்கப் எடுத்தேன்.

பார்க்க 3.5 அங்குல ஃபிளாப்பி மாதிரியே இருக்கும், தடிமன் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. உள்ளே நடப்பதோ வேறு. டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த மெல்லிய படலத்தின் ஒரு புள்ளியை லேசர் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும். அந்தச் சூட்டில்தான் காந்தப்புலத்தால் புள்ளியின் திசையை மாற்ற முடியும். ஆறிவிட்டால் அது அப்படியே இறுகிவிடும். வீட்டில் கிடக்கும் காந்தத்தை அருகில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. படிக்கும்போது லேசரின் வலு குறைவு. திரும்பி வரும் ஒளியின் முனைவுத் தளம் (ஒளி அலை அதிரும் தளம்) எந்தப் பக்கம் துளி சாய்ந்திருக்கிறது என்று பார்த்து 0, 1 பிரிக்கிறது.

எழுதுவதில்தான் ரொம்ப மெதுவு. முதல் சுற்றில் அழிக்கும், அடுத்த சுற்றில் எழுதும், மூன்றாவதில் எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கும். டிஸ்க் நிறைய பேக்கப் என்றால் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். அழிக்கும் சுற்று தேவைப்படாத ஓவர்ரைட் டிஸ்க்குகளும் வந்தன, விலை கூடுதல். எனக்கு இந்தத் தாமதம் உறுத்தவில்லை. அதே காலத்தில் சிடி எழுதும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறினாலே வட்டு குப்பைக்குப் போகும். எம்ஓவில் அந்தப் பயமே கிடையாது. இழுத்துப் போட்டால் காப்பி ஆகும், வேண்டாததை அழிக்கலாம், திரும்ப எழுதலாம்.

அன்று எழுதிய வட்டுகள் இன்றும் படிக்கின்றன. நானே எழுதி வைத்த சிடிக்களில் பாதி போன பிறகும் இவை படிப்பது ஆச்சரியம்தான்.

தலைவலி எல்லாம் டிரைவில். லென்ஸில் தூசி படிந்தால் நல்ல வட்டையே தெரியாது என்று சொல்லிவிடும். துடைக்கத் தனியாக கிளீனர் விற்றார்கள், அது இப்போது கிடைப்பது அபூர்வம். ஸ்கஸி கார்டு, கேபிளின் கடைசியில் மாட்டும் டெர்மினேட்டர், ஒவ்வொரு கருவிக்கும் தனியாக வைக்கும் ஐடி நம்பர் என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை. இன்றைய மதர்போர்டில் அந்தக் கார்டைச் செருக இடமே இல்லை.

இன்னொரு சங்கடம் செக்டர் அளவு, அதாவது வட்டில் ஒரே தடவையில் எழுதிப் படிக்கும் துண்டின் அளவு. 540 எம்பி வரையிலான வட்டுகளில் செக்டருக்கு 512 பைட், 640 எம்பி முதல் 2048 பைட். எல்லா சிஸ்டமும் இரண்டாவதை ஏற்றுக்கொள்ளாது. லினக்ஸில் எனக்குச் சிக்கல் வரவில்லை. டிடி (dd) கட்டளையால் முழு வட்டையும் அப்படியே ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்து, அதை நிஜ வட்டு போலவே லூப் முறையில் திறந்து ஃபைல்களை எடுத்தேன். ஜப்பானிய எழுத்தில் பெயர் வைத்த பழைய டாஸ் ஃபைல்களுக்கு மட்டும் கோட்பேஜ் 932 (டாஸின் ஜப்பானிய எழுத்துக் குறியீடு) என்று சொல்ல வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பெயரெல்லாம் கிறுக்கலாக வரும்.

இனி புதிதாக பேக்கப் எடுக்க எம்ஓ வாங்காதீர்கள்; ஒரு பென் டிரைவில் நூறு எம்ஓ அடங்கும். பழைய வட்டு கையில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்கஸி பக்கமே போகாமல், யுஎஸ்பியில் இயங்கும் டிரைவாகத் தேடுங்கள். சோனியும் ஃபுஜிட்சுவும் சேர்ந்து 1998-இல் கொண்டுவந்த 1.3 ஜிபி கிகாமோ வகை கிடைத்தால் நல்லது, 128 எம்பி முதல் 1.3 ஜிபி வரையிலான வட்டுகளைப் படிக்கும். பவர் அடாப்டர் கூடவே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் வேலையாக, தவறி எதுவும் அழியாதபடி வட்டின் எழுத்துத் தடைத் தாழைத் தள்ளிவிட்டு, அப்புறம் உள்ளே செருகுங்கள்.