சுப்ராஃபோனிக்கா, அக்ரோலைட்டா? பழைய லுட்விக் ஸ்நேர் வாங்கும் முன்

பழைய ஸ்நேர் டிரம் (அடித்தோலில் உரசும் கம்பிகளால் சரசரவென ஒலிக்கும் டிரம்) ஒன்றை வாங்கி, கையாலேயே சரிசெய்து வாசிக்க வேண்டும் என்று தேடுகிறவர்களில் நிறைய பேர் கடைசியில் வந்து நிற்பது அமெரிக்க டிரம் நிறுவனமான லுட்விக்கின் இந்த இரண்டு மாடல்களில்தான். இரண்டும் சிகாகோவில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. இரண்டுக்கும் 14 அங்குல விட்டம், 5 அங்குல ஆழம், ஒட்டுத் தெரியாத அலுமினிய ஷெல் (டிரம்மின் உருளை உடல்), அதன் இடுப்பில் ஒரு புடைப்பு வரி. என்னிடம் இரண்டுமே இருந்தன. சுப்ராஃபோனிக்கை விற்றுவிட்டேன். அக்ரோலைட்டை விற்கும் எண்ணமே இல்லை.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சுப்ராஃபோனிக் 400-இல் பத்து லக் (தோலை இறுக்கும் திருகுகளைப் பிடிக்க ஷெல்லில் பொருத்திய உலோகத் துண்டு). நீளமான, வரி வரியாகச் செதுக்கிய இம்பீரியல் லக். கண்ணாடி போல மின்னும் குரோம் பூச்சு. அக்ரோலைட்டில் எட்டே லக், அளவிலும் சிறியவை. ஷெல் மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறம். மாணவர்களுக்கான செட்டில் பெட்டியோடும் ஸ்டாண்டோடும் விற்றது என்பதால், பள்ளி பேண்டுகளில் அடிபட்டு வந்தவைதான் அதிகம் கிடைக்கின்றன.

எந்த ஆண்டு என்பதற்கு ஷெல்லில் பதித்த பெயர்த் தகட்டை, அதாவது பேட்ஜைப் பார்க்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும் கீஸ்டோன் பேட்ஜ் என்றால் 60-கள். நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த, முனை கூரான பேட்ஜ் 1969 வாக்கில் வந்தது. 70-களின் கடைசி வரை ஓடியது. அதற்குப் பிறகு முனைகள் வளைந்துவிட்டன. சீரியல் எண் அடித்த பேட்ஜ்கள் 1963–64 வாக்கில்தான் தொடங்குகின்றன. ஆனால் எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிட முடியாது. பேட்ஜ்களை வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து அடித்திருக்கிறார்கள். ஸ்ட்ரெய்னர் (அடிக்கம்பிகளை இறுக்கித் தளர்த்தும் பாகம்), லக், பேட்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரே காலத்தைக் காட்டினால்தான் எனக்குத் திருப்தி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 60-களின் தொடக்கத்தில் வந்த சுப்ராஃபோனிக்குகளின் ஷெல் பித்தளை, மேலே குரோம். விலை வேறு உயரத்தில் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். குரோம் போன இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்தால் அலுமினியம்.

அந்த வெள்ளை மாவுதான் இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது.

அலுமினியத்தின் மேல் குரோம் பிடிப்பதே சிரமம். காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும்; அதைத் தாண்டி மேல்பூச்சு இறுகப் பற்ற வேண்டும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளை ஒன்று இருந்தால் போதும், ஈரமும் வாசிப்பவரின் வியர்வையும் உள்ளே போய், குரோமுக்கு அடியில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். முதலில் ஊசிமுனை போல ஒரு புள்ளி. அப்புறம் கொப்புளம். அப்புறம் செதில் செதிலாக உரியும். நான் வாங்கிய 70-களின் சுப்ராஃபோனிக்கில் ஸ்ட்ரெய்னரைச் சுற்றி அரிசி அளவுக்கு நாலைந்து கொப்புளங்கள் இருந்தன. பாலிஷ் போட்டால் போய்விடும் என்று நினைத்துத் தேய்த்தேன். துணியோடு சேர்ந்து ஒரு செதில் வந்துவிட்டது. விளிம்பில் நகத்தை வைத்தால் பக்கத்திலும் பெயர்ந்தது. அன்றோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மறுபடி குரோம் போடலாமே என்று விசாரித்தேன். ஒரு பட்டறை அலுமினியம் என்றதுமே வேண்டாம் என்றது. இன்னொன்று சொன்ன தொகை டிரம்மின் விலையைத் தாண்டியது. அதையும் கொடுத்துச் செய்தால், மூலப் பூச்சு போய்விட்டது என்று சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். ஆக, புள்ளி விழுந்த சுப்ராஃபோனிக்கைச் சுத்தம் செய்து, மெழுகு தடவி, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளலாம். பழையபடி ஆக்க முடியாது.

அக்ரோலைட்டுக்கு இந்த நோயே வராது. அதன் மேல் வேறு உலோகம் எதுவும் இல்லை. அது ஆனோடைசிங் செய்த ஷெல். ஆனோடைசிங் என்பது அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தையே தடித்து வளர்ப்பது. ஷெல்லோடு ஒன்றான தோல், உரிவதற்கு எதுவுமில்லை. என் அக்ரோலைட் வந்தபோது பள்ளி ஸ்டிக்கர் பசையும் கரும்பழுப்பு அழுக்குமாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஷெல்லை மட்டும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மெல்லிய துணியால் துடைத்தேன். அரை மணி நேரம்தான். அடியிலிருந்து அந்தச் சாம்பல் வெள்ளி அப்படியே எழுந்து வந்தது. கீறல்கள் இருக்கின்றன, அவை போகாது. மெட்டல் பாலிஷும் அடுப்பு தேய்க்கும் காரமான கரைசலும் கிட்டவே வரக்கூடாது; காரம் அந்தத் தோலையே தின்றுவிடும்.

மற்ற வேலைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். தோலை அழுத்திப் பிடிக்கும் எஃகு ஹூப்களில் (வளையங்களில்) படிந்த லேசான துருவை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் எடுத்துவிடலாம். (சுப்ராஃபோனிக் ஷெல்லில் இதைச் செய்ய வேண்டாம்.) லக்குகளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதிர்ந்தால், கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் அடங்கும். பல அக்ரோலைட்டுகளில் வரும் பி-85 ஸ்ட்ரெய்னர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

சத்தம்? ஷெல் ஒன்றே என்பதால் குடும்பச் சாயல் அப்படியே இருக்கிறது. பத்து லக் இருப்பதால் சுப்ராஃபோனிக்கை உயர்ந்த சுருதிக்கு ஏற்றும்போது சமமாக நிற்கிறது. ரிம்ஷாட்டில் (தோலையும் ஹூப்பையும் சேர்த்து அடிக்கும்போது) பளிச்சென்று வெடிக்கிறது. அக்ரோலைட் என் காதுக்குக் கொஞ்சம் வறண்டு, ஒலி சீக்கிரம் அடங்கிக் கேட்கிறது. சின்ன அறையில் ஒலிப்பதிவு செய்ய எனக்கு அதுதான் வசதி. பெரிய மேடையில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்த அனுபவம் எனக்கில்லை. லெட் செப்பெலின் இசைக்குழுவின் ஜான் போனம் வாசித்த, ஆறரை அங்குல ஆழமுள்ள சுப்ராஃபோனிக் 402-ஐ நான் சில நிமிடங்களே தொட்டிருக்கிறேன். அந்த ஆழம்தான் வேண்டும் என்றால் இந்த அலசல் உங்களுக்குப் பொருந்தாது.

மறுவிற்பனையில் சுப்ராஃபோனிக் பெயருக்கே பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் நான் வாங்கி வைத்திருந்த இரண்டு வருடத்தில் அந்தக் கொப்புளங்கள் நாலிலிருந்து பதினொன்றாகின. கொடுத்ததைவிடக் குறைத்துத்தான் விற்க முடிந்தது. அக்ரோலைட் கழுவித் துடைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

சுப்ராஃபோனிக்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், பணம் அனுப்பும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: ஸ்ட்ரெய்னரைச் சுற்றி, லக்குகளின் அடியோரம், மேல் ஹூப்பைக் கழற்றியபின் ஷெல்லின் விளிம்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் கொப்புளம் தெரியாது.