தெர்மல் ஸ்கோப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 1,800 மீட்டர் என்று விற்ற கருவிக்கு 60 மீட்டரில் நாய்க்கும் கொயோட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை

டெக்சஸ் மாநிலம் சான் ஆஞ்சலோ பக்கம், ஆட்டுப்பட்டிக்கு ராத்திரியில் வரும் கொயோட்டிகளை (நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய் இனம்) சுடுவதற்காக இணையத்தில் வாங்கிய ஒரு தெர்மல் ஸ்கோப் (உடல் சூட்டைப் படமாகக் காட்டும், துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கி) பற்றிய எச்சரிக்கை இது. விற்றவரின் பெயரைப் போடவில்லை. அதே படங்களோடு வேறு வேறு கடைப் பெயர்களில் இந்தச் சரக்கு விற்பனைக்கு வருகிறது, அதனால் சரக்கை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

விளம்பரத்தில் இருந்தது: 640×512 சென்சார் (சூட்டை உணரும் புள்ளிகளின் எண்ணிக்கை), 12 மைக்ரான் பிக்சல், 25 மி.மீ. குவியத் தூரமுள்ள ஜெர்மானியம் லென்ஸ், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 படம்), 1,800 மீட்டர் வரை கண்டறியும் தூரம். கையில் வந்தது: 256×192 சென்சார், சுமார் 10 மி.மீ. லென்ஸ், 9 ஹெர்ட்ஸ். உள்ளே இருக்கும் குட்டித் திரை மட்டும் 1024×768. கருவியை இயக்கியதும் படம் பளிச்சென்று, எழுத்தெல்லாம் கூர்மையாகத் தெரிவதற்கு அந்தத் திரைதான் காரணம். திரையில் எத்தனை புள்ளி இருந்தாலும், சென்சார் வாங்காத விவரத்தை அது காட்டாது.

இந்த ஏமாற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்வை அகலத்தை அளந்தால் சென்சாரின் உண்மை தெரிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். 25 மி.மீ. லென்ஸும் 12 மைக்ரான் பிக்சலும் இருந்தால், 50 மீட்டரில் 640 சென்சார் 15.4 மீட்டர் அகலம் காட்ட வேண்டும். 384 என்றால் 9.2 மீட்டர், 256 என்றால் 6.1 மீட்டர். இந்தக் கருவி 15 மீட்டருக்கு மேல் காட்டியது. விளம்பரம் சரி என்றே தோன்றும். ஆனால் 256 சென்சாருக்கு முன்னால் 10 மி.மீ. லென்ஸை வைத்தாலும் அதே 15.4 மீட்டர்தான் வரும். அகலம் பொருந்தட்டும் என்றே லென்ஸைக் குறைத்திருக்கிறார்கள். குறைந்துபோனது விவரம்தான். 25 மி.மீ. லென்ஸில் 50 மீட்டரில் ஒரு பிக்சல் 2.4 செ.மீ. இடத்தைப் பிடிக்கும். 10 மி.மீ. லென்ஸில் அதே பிக்சல் 6 செ.மீ. பிடிக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு வெந்நீர் டம்ளர் போதும். 50 மீட்டர் தள்ளி ஒரு பலகையில், நடுவே 6 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டையும் வையுங்கள். டிஜிட்டல் ஜூமைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து, ஃபோகஸை நன்றாகத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். சொன்னபடி 25 மி.மீ. லென்ஸ் இருந்தால் இரண்டு டம்ளர், நடுவில் இருட்டு. இந்தக் கருவியில் இரண்டும் ஒட்டி ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன. ஜூமை ஏற்றினால் திட்டு பெரிதாகும், பிரியாது. கூடவே லென்ஸின் முகத்தையும் அளந்துவிடுங்கள். எஃப் எண் என்பது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது; 25 மி.மீ., எஃப் 1.0 லென்ஸுக்குக் கண்ணாடி குறைந்தது 25 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும், எஃப் 1.2 என்றால் 21 மி.மீ. இதில் வெளி வளையம் மட்டும் அகலம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே குழலின் அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் ஜெர்மானியம் மின்னுகிறது, சுற்றி இருப்பதெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக்.

இனி அந்த 1,800 மீட்டர். இந்த எண்ணைச் சொல்லும்போது விற்பனையாளர்கள் கணக்கில் எடுப்பது 1.8 மீட்டர் உயரமுள்ள ஆளை. ஆள் இரண்டு பிக்சல் உயரத்துக்குத் தெரிந்தாலே ‘கண்டறிந்தாயிற்று’. 25 மி.மீ. லென்ஸில் அப்படிப் பார்த்தால் 1,875 மீட்டர் வருகிறது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் பட்டிக்கு வருவது ஆள் இல்லை. கொயோட்டி பக்கவாட்டில் நின்றால் அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே லென்ஸில் இரண்டு பிக்சல் சூட்டுப்புள்ளியாக 520 மீட்டரில் தெரியும். இது நாய் வகை, இது மான், இது கன்றுக்குட்டி என்று பிரித்தறிய ஏறக்குறைய 8 பிக்சல் வேண்டும், அது 130 மீட்டரில்தான் கிடைக்கும். இன்ன மிருகம்தான் என்று உறுதியாகச் சொல்ல 13 பிக்சல் வேண்டும், அதற்கு 80 மீட்டர். இதெல்லாம் காற்று சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கும் ராத்திரிக்கு. மூடுபனியிலும் மழைத் தூறலிலும் இன்னும் குறையும். எங்களுக்கு அனுப்பிய 10 மி.மீ. லென்ஸில் இந்த மூன்று தூரங்களும் 208, 52, 32 மீட்டர்.

52 மீட்டருக்கு அப்பால் இது காட்டுவது ஒரு வெள்ளைக் கட்டியை மட்டும். சான் ஆஞ்சலோவை ஒட்டிய எட்வர்ட்ஸ் பீடபூமி முழுக்க ஆட்டுமந்தைகளோடு கிரேட் பிரனீஸ், அக்பாஷ் போன்ற காவல் நாய்கள் ராத்திரி முழுதும் திரிகின்றன. பகலில் அவற்றின் வெள்ளை ரோமம் அரை மைலிலிருந்து தெரியும். தெர்மலுக்கு நிறம் கிடையாது. 45 கிலோ நாயும் 15 கிலோ கொயோட்டியும் ஒரே வெள்ளைதான். அளவை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்றால், தூரம் தெரியாமல் அளவு தெரியாது: 60 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் முயலும் 150 மீட்டரில் நிற்கும் கொயோட்டியும் ஏறக்குறைய அத்தனை பிக்சலையே பிடிக்கும். மந்தையைக் காக்கிற நாயையே சுட வைக்கக்கூடிய பொய் இது. பணம் போனதைவிட இதுதான் கோபமூட்டுகிறது. லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் பார்த்து, ஓடும்போது வால் தாழ்ந்திருக்கிறதா, காதின் கூர்மை தெரிகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும். தேடுவதற்குக் கையில் பிடிக்கும் தனி மானோகுலர் (ஒற்றைக் கண் தொலைநோக்கி) வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் தேடினால், என்னவென்று தெரியாத ஒவ்வொன்றின் மீதும் குழாயை நீட்டுகிறீர்கள்.

9 ஹெர்ட்ஸ் விஷயமும் சின்னதில்லை. நிதானமாக ஓடும் கொயோட்டி நொடிக்கு 5 மீட்டர் போகும் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 55 செ.மீ. நகர்ந்துவிடும், அதாவது அதன் உடம்பில் பாதிக்கு மேல். 50 ஹெர்ட்ஸில் அது 10 செ.மீ. வீடியோவாகப் பதிந்து பார்த்தால் கோப்பில் 50 படம் என்றே காட்டும், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பியிருப்பார்கள். கருவியைப் பிடித்துக்கொண்டு வேகமாக இடவலமாகத் திருப்புங்கள். வேலி மரங்கள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போனால் சந்தேகமே வேண்டாம்.

இதோடு ‘ஜீரோ செய்து அனுப்புகிறோம்’, அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்து தருகிறோம் என்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். உங்கள் துப்பாக்கியும் உங்கள் தோட்டாவும் இல்லாமல் யாராலும் ஜீரோ செய்ய முடியாது. அந்தக் கட்டணத்தை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டில் செய்வது சுலபம்தான். தெர்மலுக்குக் காகித இலக்கு தெரியாது, அட்டையில் துளைபோட்டுப் பின்னால் கை சூடேற்றும் பொட்டலத்தை ஒட்டிவிட்டால் வெள்ளையாகத் தெரியும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் திருகுகளை 15 முதல் 20 இன்ச்-பவுண்டு முறுக்கு விசைக்குள் முறுக்கி, 50 மீட்டரில் மூன்று குண்டு சுட்டு, குறியை நகர்த்தி, பிறகு 100 மீட்டரில் ஐந்து குண்டு. இந்தக் கருவியில் குறியை ஒரு படி (கிளிக்) நகர்த்தினால் 100 மீட்டரில் அது 12 செ.மீ. தாவுகிறது. 10 மி.மீ. லென்ஸில் ஒரு சென்சார் பிக்சல் அங்கே பிடிக்கும் இடம் சரியாக 12 செ.மீ.தான். மெனுவில் கிளிக் அளவைப் பார்த்திருந்தாலே லென்ஸின் குட்டு வெளிப்பட்டிருக்கும். கொயோட்டியின் நெஞ்சை இந்தக் கிளிக்கை நம்பிக் குறிவைக்க முடியாது.

கூட வந்த 18650 பேட்டரியின் மேல் 9,900 எம்.ஏ.ஹெச். என்று அச்சடித்திருந்தார்கள். அந்த அளவு செல்லில் அது நடக்காது, நல்ல கம்பெனிச் செல்களே 3,500 சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும். தராசில் வையுங்கள், 45 கிராமுக்கு ரொம்பக் குறைந்தால் போலி. 3 வோல்ட் சிஆர்123 போடும் கருவியில் 3.7 வோல்ட் ரீசார்ஜ் செல் போடச் சொன்னால் கேட்காதீர்கள், முழு சார்ஜில் அது 4.2 வோல்ட், சர்க்யூட் போய்விடும்.

தெர்மல் கட்டுப்படியாகாமல் டிஜிட்டல் நைட் விஷன் பக்கம் போகிறவர்களுக்கும் வேறு வலை விரித்திருக்கிறார்கள். ‘ஜென் 3 டிஜிட்டல்’ என்று ஒன்று கிடையாது. ஜென் (தலைமுறை) என்ற வரிசை, மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் இமேஜ் டியூபுக்கு மட்டும்தான். நிஜமான ஜென் 3 டியூபுக்குச் சீரியல் எண்ணோடு டேட்டா ஷீட் வரும். ரெசல்யூஷன் 64, சிக்னல்-நாய்ஸ் 30 என்றால் பெருக்கி எஃப்.ஓ.எம். (டியூபின் தர எண்) 1,920 என்று அதிலேயே இருக்கும். அந்தத் தாள் இல்லையென்றால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். டிஜிட்டலுக்கு அகச்சிவப்பு விளக்கு அவசியம். 850 நானோமீட்டர் விளக்கில் மங்கலான சிவப்பு தெரியும், கொயோட்டி நேரே பார்த்தால் கவனிக்க வாய்ப்புண்டு. 940-இல் சிவப்பு தெரியாது, ஆனால் சென்சாருக்கு அந்த அலைநீளம் சரியாகப் பிடிக்காததால் தூரம் வெகுவாகக் குறையும். ‘940, 500 மீட்டர்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். கலிபோர்னியாவில் அகச்சிவப்பு ஒளி வீசும் ஸ்கோப்பைத் துப்பாக்கிக்காக வைத்திருப்பதே தண்டனைச் சட்டம் 468-இன்படி குற்றம். விற்கிறவர்கள் அதைச் சொல்லாமலே அங்கேயும் அனுப்புகிறார்கள். ஜென் 3 டியூபை அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவதும் ஏற்றுமதி உரிமம் இல்லாமல் முடியாது.

புகார் சொன்னதும் வந்த பதில்கள் வரிசையாக: முதலில் ‘சாஃப்ட்வேர் அப்டேட் வரும்’, பிறகு ‘ஃபோகஸ் சரியில்லை’, பிறகு ‘பெட்டி திறந்த ஆப்டிக்ஸைத் திரும்ப எடுப்பதில்லை’, கடைசியில் வெளிநாட்டுக் கிடங்கு முகவரியும் 20 சதவீதம் பிடித்தமும். அதற்குள் நாட்களைக் கடத்துவதுதான் நோக்கம். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தகராறு கொடுக்க வேண்டும், அப்டேட்டுக்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அதே நாளில் எடுத்துவையுங்கள், பக்கத்தை மாற்றிவிடுவார்கள். வெந்நீர் டம்ளர் சோதனையை வீடியோவாக, தூரத்தை டேப்பில் காட்டி எடுத்து இணையுங்கள். லென்ஸ் வாயில் காலிப்பரை வைத்து ஒரு படமும் வேண்டும். ஜெல் (Zelle என்ற பணம் அனுப்பும் சேவை), கிரிப்டோ, பேபாலில் ‘நண்பருக்கு அனுப்பு’ என்ற வழியில் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள், அந்த வழிகளில் போன பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி.யின் மோசடிப் புகார் தளத்திலும் பதியுங்கள். கடையின் பெயரோடு சீரியல் எண், அனுப்பிய முகவரி, படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வேறு பெயரில் வரும் அதே ஆளோடு பொருத்திப் பார்க்க வழியிருக்கும்.